பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

கார்த்திகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குள் போய்ப் பாருங்கள். அகல் விளக்குகள் தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே பிளாஸ்டர் அச்சுகள் வரிசை கட்டி நிற்கும். பிள்ளையாருக்கு ஓர் அச்சு, யானைக்கு ஓர் அச்சு, கொலு பொம்மைக்கு இரண்டாகப் பிரியும் அச்சு. தயிர்ப் பதத்தில் கரைத்த களிமண் குழம்பை அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு நடுவில் நிற்கும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். சுவரோடு ஒட்டி நின்றதுதான் பொம்மை. சீக்கிரம் கவிழ்த்தால் மெலிந்துபோய்ச் சூளையில் நெளியும். தாமதித்தால் கனத்துப்போய் வெடிக்கும். இத்தனை நிமிடம் என்று சுவரில் எழுதி மாட்ட முடியாது. மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு. அது கைக்குத் தெரியும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்தான் இந்தத் தொழில் இங்கே வேர் பிடிக்கக் காரணம். செராமிக் டிப்ளமோ படிக்க அரசு நிறுவனமே இவ்வூரில் இருக்கிறது. ஆனாலும் இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் இன்று கேட்கும் கேள்வி வேறு. "பையன் கம்ப்யூட்டர் படிச்சிட்டான். மொபைல்ல ஆப் செய்யப் போறேங்கிறான். அதை நம்பிப் பொழைக்க முடியுங்களா?"

நியாயமான கேள்வி. சம்பளப் பட்டியலைக் காட்டிப் பதில் சொல்வது எளிது; அது ஆறு மாதத்தில் பழசாகிவிடும். நான் ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று எழுத்து, ஐந்து குறி

யாரிடமாவது மேக் கணினி இருந்தால் அதில் எழுத்துருப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று ஒரு பெயர் இருக்கும். மலையாளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம், கெமர், லாவோ, பர்மியம் ஆகியவற்றின் எழுத்துருக்களுக்கும் அதே எம்.என். வால் இருக்கும். அந்த இரண்டு எழுத்து, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனுடைய பெயரின் முதலெழுத்துகள்.

அவருடைய தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர். மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தேடிச் சேர்த்து 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருந்தொகுப்பைக் கொண்டுவந்தவர். மகன் கணினிப் பக்கம் போனார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தார். அந்த வேலை ஒரு பக்கம் இருக்க, தமிழைத் திரையில் பார்த்தே தீரவேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம் அவரை விடவில்லை. 1985-இல் 'முரசு அஞ்சல்' என்ற தமிழ் மென்பொருள் பிறந்தது. திரையில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து வரையவேண்டியிருந்த காலம் அது.

2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளிவந்தது. கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்புவதற்கான செயலி. அந்த ஆண்டைக் கொஞ்சம் மனத்தில் நிறுத்துங்கள். முதல் ஐபோன் 2007-இல்தான் வந்தது. ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தது. முதல் ஆண்ட்ராய்டு போனும் 2008-இல்தான். 'ஆப் டெவலப்பர்' என்ற வேலை ஊருக்குள் பேச்சில் வருவதற்கு முன்பே ஒருவர் தமிழுக்காக அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார்.

அது எவ்வளவு கடினமான வேலை என்பதைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும்: 'தமிழ்'. நமக்கு அது மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒரு செயலி இதை ஐந்து என்று எண்ணினால், 'மூன்றெழுத்துச் சொல் கண்டுபிடி' என்ற எளிய விளையாட்டுகூடத் தப்பாகிவிடும். அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் 'ழ்' முழுதாகப் போகவேண்டுமா, புள்ளி மட்டும் போகவேண்டுமா? 'கொ' என்பதில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஆனால் நினைவகத்தில் ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. அன்றைய பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. சின்னத் திரை, அதைவிடச் சின்ன நினைவகம். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம். யூனிகோடில் அனுப்பினால் 70 இடம்தான். பல எழுத்துகளுக்கு இரண்டு குறி செலவாகும் மொழிக்கு அந்த 70 எவ்வளவு சுருங்கிவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செல்லினம் பிறகு ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஆப்பிள் போன்களுக்குள்ளேயே அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகைகளும் இடம்பிடித்தன. தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு. இன்று நாம் போனை எடுத்துத் 'தமிழ்' என்று தட்டும்போது இதில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. நல்ல அச்சில் வார்த்த விளக்கைப் பார்த்து அச்சை யார் நினைக்கிறார்கள்?

1985-க்கும் 2005-க்கும் நடுவே இருபது ஆண்டு. இந்த இடைவெளியைத்தான் பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்கவேண்டும். ஆறு மாதப் படிப்பு, கையில் ஒரு சான்றிதழ், அடுத்த மாதம் வேலை என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த இருபது ஆண்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு வேலை என்று இரண்டையும் முத்து நெடுமாறன் சேர்த்தே நடத்தினார். பொழுதுபோக்கு என்று நாம் சொல்லும் பகுதிதான் அவருடைய பெயரை உலகமெங்கும் உள்ள கணினிகளில் ஏற்றியது. எழுத்தின் வளைவை ரசிக்கிற கண் இல்லாதவருக்குத் தமிழ் எழுத்துரு செய்ய வராது. இசை கேட்காதவர் இசைச் செயலி செய்தால் அது கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் எதையோ எழுதவேண்டுமே என்று 'பாட்டுக் கேட்டல், புத்தகம் வாசித்தல்' என்று எழுதுகிறோமே, அந்த வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

கொளஞ்சியப்பரிடம் ஒரு பிராது

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதி, முருகனிடம் மனுவாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள். குறை தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்கவேண்டும். கட்டியது கட்டியபடியே இருக்கக்கூடாது; முடித்துவைக்கும் கடமை கட்டியவருக்கும் உண்டு.

ஆப் டெவலப்பரின் ஒரு நாளை எனக்கு இதைவிட நன்றாக விளக்கத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவர் நாள் முழுக்கப் புதிது புதிதாக எதையோ உருவாக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதிப் பொழுது பிராது படிப்பதிலேயே போகும். 'திறந்தவுடன் மூடிக்கொள்கிறது.' 'ஓடிபி வரவில்லை.' 'என் அம்மா போனில் எழுத்து வெட்டுப்படுகிறது.' ஒவ்வொன்றும் எந்த போனில், எந்த வெர்ஷனில், எந்த நேரத்தில் என்று கேட்டு, அதே தப்பைத் தன் மேசையில் ஒருமுறை நடத்திப் பார்த்து, காரணத்தைப் பிடித்து, திருத்தி, திருத்தியது வேறெதையும் கெடுக்கவில்லை என்று சோதித்து, பிறகே வாபஸ். இந்தப் பொறுமை உள்ளவருக்கு இந்தத் தொழில் உண்டு. இல்லாதவர் எத்தனை மொழி கற்றாலும் இரண்டாம் ஆண்டில் சலித்துவிடுவார்.

மொழி என்றதும் நினைவுக்கு வருகிறது. எதைக் கற்பது என்ற குழப்பத்தில் மாதக்கணக்கில் நிற்பவர்கள் பலர். ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின்; 2019-இலிருந்து கூகுள் அதைத்தான் முன்னால் வைக்கிறது. ஐபோனுக்கு 2014-இல் வந்த ஸ்விஃப்ட். இரண்டுக்கும் ஒரே குறிநிரல் போதும் என்றால் ஃபிளட்டர். எதை எடுத்தாலும் ஒன்றை ஆழமாகப் பிடியுங்கள், மற்றது தானாக வரும். இதற்கு மேல் இதில் பெரிய ரகசியம் இல்லை.

ரகசியம் இருப்பது வேறிடத்தில். 'சேவ்' என்ற சொல்லுக்கு அளவெடுத்து வைத்த பட்டனில் 'சேமிக்கவும்' என்று போட்டால் கடைசி எழுத்துகள் வெளியே தொங்கும். வயதானவர் போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார். அங்கே பட்டனே காணாமல் போகும். சிக்னல் இல்லாத இடத்தில் படிவம் நிரப்பியவருக்கு, நிரப்பியது எங்கே போயிற்று என்று தெரியவேண்டும். பார்வையற்றவரின் போன் திரையை வாசித்துக் காட்டும்போது, படத்துக்குப் பெயர் வைக்காத செயலி 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் சொல்லும். இந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதர் நிற்கிறார். அவரை நினைத்துப் பார்ப்பதுதான் திறமை. களிமண் பொம்மை காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதால், அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்கிறார்கள் விருத்தாசலத்துக்காரர்கள். சூளையில் என்ன நடக்கும் என்பதை அச்சு செய்யும்போதே நினைத்துக்கொள்கிற புத்தி அது. செயலிக்கும் அதே புத்திதான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே குறிநிரல் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இனி இந்த வேலை எதற்கு என்று கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறது, மறுக்கவில்லை. நேற்றுவரை ஒரு வாரம் ஆன வேலை இன்று ஒரு மாலையில் முடிகிறது. ஆனால் குழம்பை எப்போது கவிழ்ப்பது என்று தெரியாதவர் கையில் எவ்வளவு நல்ல களிமண் கொடுத்தும் பயனில்லை. 'தமிழ்' ஏன் ஐந்தாக எண்ணப்படுகிறது என்று புரிந்தவருக்கு அந்தக் கருவி நல்ல உதவியாள். புரியாதவருக்கு, தப்பை வேகமாகச் செய்து தரும் ஆள். தொடக்க நிலை வேலைகள் குறையலாம் என்ற கவலை உண்மையானது. அதனாலேயே அடிப்படையை ஆழமாகப் படிக்கவேண்டிய கட்டாயம் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

ரயில் ஏறாமலும் ஏறியும்

விருத்தாசலம் சந்திப்பில் நின்றால் சென்னைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் கடலூருக்கும் ரயில் பிடிக்கலாம். கணினி படித்தவர்கள் பெரும்பாலும் சென்னைப் பக்கம்தான் ஏறினார்கள். இப்போது வேறு வழிகளும் திறந்திருக்கின்றன.

ஜோஹோ நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டாகப் பள்ளி ஒன்றை நடத்திவருகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, நிரலாக்கம் கற்பித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த நிறுவனம் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து, கிராமத்திலிருந்தே உலகத்துக்கு மென்பொருள் விற்கலாம் என்று காட்டியது. அதன் 'அரட்டை' என்ற செய்திப் பரிமாற்றச் செயலி 2021-இல் வெளியானது. நான்கு ஆண்டு பெரிதாக யாரும் பேசவில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று ஊரெல்லாம் அதே பேச்சு. நாளுக்கு 3,000 ஆக இருந்த புதுச் சேர்க்கை மூன்றே நாளில் 3,50,000 ஆனது என்று ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். நூறு மடங்குக்கு மேல். அந்த மூன்று நாளில் சர்வர்களைத் தூக்கி நிறுத்திய பொறியாளர்களின் உழைப்பைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. கூட்டம் வராத நான்கு ஆண்டும் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் கூட்டம் வந்தபோது கொடுக்க ஒரு செயலி இருந்தது.

இன்னும் பக்கத்தில் பார்த்தால், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024-இல் சிறு டைடல் பூங்கா திறந்தார்கள். அதே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கணினி கற்பித்துவருகிறது. கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் நண்பர்கள், தங்கள் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தைக் கொடுத்து நடத்துவது. கணியம் என்ற முயற்சி இன்னொன்று. த.சீனிவாசன், து.நித்யா உள்ளிட்டோர் 'எளிய தமிழில்' என்று தொடங்கும் தலைப்புகளில் கணினி நூல்களை இலவச மின்னூலாகத் தந்திருக்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறும் மாணவர் முதல் படியைத் தமிழில் ஏறலாம். முத்தையா அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அவர் முன்னின்று தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல்தொகுப்பு, 'தமிழ்' என்ற சொல்லை மூன்றெழுத்தாகச் சரியாக எண்ணித் தரும். எவர் வேண்டுமானாலும் எடுத்துத் தன் செயலியில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவர்கள் எல்லோருக்கும் இது பக்க வேலை, பிரியத்தில் செய்தது. நான் திரும்பத் திரும்ப இதையே சொல்வதாகத் தோன்றலாம். தமிழ்க் கணிமையின் வரலாற்றை எங்கே தொட்டாலும் இதுதான் கையில் வருகிறது.

பயிற்சி என்ற பெயரில் பெருந்தொகை கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வேலை உறுதி என்று எழுதித் தருபவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக. ஒரு பழைய கணினி, இணையம், ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் இருந்தால் கற்கத் தொடங்கிவிடலாம். கூகுள் பிளேயில் வெளியிட ஒரே தடவை 25 டாலர் கட்டவேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணத்தைவிட முக்கியமானது, எதைச் செய்வது என்ற தெளிவு.

இந்த ஊருக்கு என்ன செயலி வேண்டும்?

புதிதாகக் கற்பவர்களில் பலர் முதலில் செய்வது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல், இல்லாவிட்டால் வானிலை. பயிற்சிக்கு நல்லது. ஆனால் அவற்றை யாரும் பயன்படுத்தப்போவதில்லை, பிராது வராது, பிராது வராத செயலியில் கற்க ஒன்றுமில்லை.

விருத்தாசலத்துப் பிள்ளைக்குக் கண்ணெதிரே எவ்வளவு இருக்கிறது! தமிழக அரசு 2018-இல் 'உழவன்' செயலியைக் கொண்டுவந்தது. அது மாநிலம் முழுமைக்குமானது. இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நிலக்கடலை மூட்டையோடு வரும் விவசாயிக்கு, இன்று எத்தனை மூட்டை வந்திருக்கிறது, தன் முறை எப்போது என்று தெரிந்தால் ராத்திரி முழுக்கக் காத்திருக்கவேண்டியதில்லை. இதே ஊரிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை, முந்திரி ரகங்கள் 'வி.ஆர்.ஐ.' என்று ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு போகின்றன. அந்த ரகங்களுக்கான விதைப்புக் காலத்தையும் நோய்க் குறிப்பையும் பேச்சுத் தமிழில் சொல்லும் சிறு செயலி செய்யலாம்.

தொழிற்பேட்டைக்குள் வாருங்கள். சூளை 1000 டிகிரிக்கு மேல் எரிகிறது. எத்தனை தட்டு ஏற்றினோம், எத்தனை மணிக்கு எந்தச் சூடு, எத்தனை உருப்படி கீறல் விட்டது என்ற கணக்கு ஒரு நோட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் கணக்கும் போய்விடும். அதைப் பதிந்துவைக்கும் செயலி வேண்டும். கையெல்லாம் களிமண்ணாக இருப்பவர் தட்டச்ச முடியாது, பேசினால் எழுதிக்கொள்ளவேண்டும். புழுதியில் வைத்த பழைய போனில் ஓடவேண்டும். சூளையடியில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடவேண்டும். தீபாவளி தாண்டினால் வெளியூரிலிருந்து அகல் விளக்கு ஆர்டர் வாட்ஸப்பில் கொட்டும். அதில் எது போயிற்று, எது நிற்கிறது, எவர் பாக்கி என்று தனியே எடுத்து வைக்கவேண்டும். பார்க்கச் சின்ன வேலை. செய்துபார்த்தால் ஒரு செயலி உருவாக்குநருக்கு வேண்டிய அத்தனை திறமையும் இதற்குள் வந்துவிடும்.

இப்படி ஒன்றைச் செய்து கையில் வைத்திருப்பவரை, வேலைக்கு எடுப்பவர் வேறு கண்ணால் பார்ப்பார். சென்னைக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று முடிவெடுக்கும் உரிமையும் அப்போது அவர் கைக்கு வரும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன், குறைந்தது 12 பேரிடம் கொடுத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்கவேண்டும் என்பது விதி. இதைப் படித்ததும் தெரியாதவர்களிடம் காசு கொடுத்து ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தொழிற்பேட்டைக்குப் போங்கள். அச்சு ஊற்றுகிறவர், சூளை பார்க்கிறவர், விளக்குக்கு வண்ணம் தீட்டும் அக்கா, லோடு ஏற்றுகிற அண்ணன், கணக்குப் பார்க்கும் முதலாளி என்று அந்தப் பன்னிரண்டு பேரும் அங்கேயே இருக்கிறார்கள்.